வாசல் மேட்டில் மூக்கைத் தூக்கிய கார்

பழைய இரும்பு வியாபாரிக்குத் தெருவில் வைத்த பெயர் தராசு. அடுத்தவன் தராசை அவர் வாழ்நாளில் நம்பியதில்லை. எங்கே சரக்கு எடுக்கப் போனாலும் சொந்தத் தராசும் கூடவே லாரியில் ஏறிவிடும். அப்பேர்ப்பட்ட ஆள் அறுபத்தாறு வயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு வண்டி, இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். ஏறுவதற்கு முட்டி சம்மதிக்க வேண்டும், இறங்குவதற்கு இடுப்பு சம்மதிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவார். மற்ற நாள் காலையில் ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்திவிடுவார். ஓட்டிவிட்டு வந்ததும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரை வண்டிக் கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் எழுதுவார். எழுதினாரே தவிர ஒருநாளும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. எழுதியிருக்கிறது என்ற பயமே மற்றவர்களுக்குப் போதும் என்று நினைத்திருந்தார்.

வண்டியோடு ஒரு தடித்த புத்தகமும் வந்தது. அதை அவர் பிரிக்கவே இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு நானூறு பக்கம் எதற்கு? நாளைக்குத் தப்பித்துக்கொள்ளத்தான் விற்கிறவன் புத்தகம் போடுகிறான் என்பது அவர் கட்சி.

வந்த நாளிலிருந்தே வண்டியின் முன்பக்க அடிப்பாகம் வாசல் மேட்டில் கரகரவென்று உரசியது. மேட்டைப் போட்ட கொத்தனாரை மூன்று முறை வரவழைத்துத் திட்டினார். நாலாவது முறை கொத்தனார் எதையோ கொத்திவிட்டுப் போனார். அந்த வாரத்தோடு உரசல் நின்றுபோனது. திட்டினால்தான் வேலை நடக்கும் என்று தராசுக்குத் திருப்தி.

போன ஞாயிற்றுக்கிழமை, வண்டியை எடுக்கப் போனபோது என்ன தோன்றியதோ, சுவரைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். முப்பத்தெட்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தது. நினைவில் இருந்த பயணங்களை வைத்துச் சுவரில் மேலே மேலே கழித்துக்கொண்டே போனார். ஒன்பது வாரமாக, வாரம் தவறாமல் அதே முப்பத்தெட்டு.

வீட்டில் இருப்பது நாலு பேர். கீழே அவரும் மனைவியும், மாடியில் மகளும் மாப்பிள்ளையும். மனைவியை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சைக்கிள்கூட ஏறாதவள். மகளுக்கு வண்டியில் ஏறினாலே தலை சுற்றும். மிச்சம் மாப்பிள்ளை. மருந்துக் கடையில் வேலை, செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்றைக்குப் பார்த்துத் தராசு பொழுது சாயும்வரை இரும்புக் கிடங்கில். வேறென்ன வேண்டும்?

அன்று மாலையே மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிட்டார். "மாப்பிள்ளை, என் வண்டியை எடுத்தீங்களா?"

"நான் எடுக்கல மாமா."

"மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துக்குங்க மாப்பிள்ளை."

மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. மறுநாள் காலையில் மருந்துக் கடையிலிருந்து காலி அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. இரண்டு நாளாகத் தங்கை வீட்டில் இருந்த மனைவிக்கு இதெல்லாம் தெரியாது.

தராசு பெட்டிகளை எண்ணினார். ஒரே மகள். ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க அவருக்குப் பழக்கமில்லை. ருசு கையில் இருந்தால் மனசு சமாதானமாகும் என்று தன் சாவியோடு பீரோவில் கிடந்த இரண்டாவது சாவியையும் எடுத்துக்கொண்டு வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போனார்.

பட்டறைக்காரர் அந்த மாதிரி வண்டிகளை மட்டுமே பார்க்கிறவர். திருட்டு ஓட்டம் என்று கேட்டதும் சாவிகளை வாங்கி ஒரு கருவியில் வைத்தார். எப்போது ஓட்டினார்கள், எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் சாவிக்குள்ளேயே பதிந்திருக்குமாம். பட்டறைக்கு வந்ததைத் தவிர்த்தால் முதல் சாவி கடைசியாக ஓடியது ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது சாவி செவ்வாய்க்கிழமை.

"நான் சொல்லல? மாப்பிள்ளையேதான்."

பட்டறைக்காரர் இரண்டாவது சாவியால் கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். தராசு உட்கார்ந்தார். இருக்கை தானாக முன்னால் நகர்ந்தது, நின்றது, பிறகு மேலே எழும்பியது. அவர் முட்டி ஸ்டீரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டும் கீழே குனிந்தன.

"சாவிக்குச் சாவி ஒரு ஞாபகம் ஐயா. கடைசியா அந்தச் சாவியில ஓட்டுனவங்க எப்படி உக்காந்தாங்களோ அப்படியே வந்து நிக்கும். மாப்பிள்ளை என்ன உயரம்?"

மாப்பிள்ளை ஆறடி. கதவு நிலையில் தலை இடிக்காமல் மாடிக்கு ஏற மாட்டார்.

பட்டறைக்காரர் திரையில் எதையோ தட்டினார். வண்டியின் மூக்கைத் தூக்கிவிட ஒரு பொத்தான் இருக்கிறதாம். ஓரிடத்தில் ஒருமுறை பதிந்து வைத்தால் அங்கே வரும்போதெல்லாம் தானே தூக்கிக்கொள்ளுமாம். பதிந்திருந்தது ஒரே இடம், தராசின் வீட்டு வாசல்.

"அது கொத்தனார் கொத்துனது" என்றார் தராசு.

"கொத்தனார் இல்லைங்க, பொத்தான். இன்னொன்னும் சொல்லணும். எஞ்சின் எல்லை மீறிச் சுத்துனது பதினொரு தடவை பதிவாயிருக்கு. எல்லாம் பழசு, உங்க கைங்கரியம். இந்த ரெண்டாவது சாவி உங்களைவிட நல்லா ஓட்டுது."

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் ஓரத்தில் ஒரு தாழ்ப்பாளை அழுத்திக் காட்டினார். உள்ளேயிருந்து மெல்லிய இரும்புச் சாவி ஒன்று உருவிக்கொண்டு வந்தது. பேட்டரி செத்துப்போனால் கதவைத் திறக்க அதுதான், இரண்டு சாவியிலும் உண்டு. நாலு வருடமாகச் சட்டைப் பையில் வைத்திருந்தும் தராசுக்குத் தெரியாது.

முதல் சாவியில்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தார். வாசலில் வண்டிக்குள் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக ஏற்றினார். மேட்டுக்கு ஒரு முழம் முன்னால் அடியில் ஏதோ முனகியது. மூக்கு எழும்பியது. உரசவில்லை.

மனைவி தங்கை வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள். மேசைமேல் அந்தத் தடித்த புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டு செருகியபடி. அதன்மேல் அவள் படம் போட்ட ஓட்டுநர் உரிமம். மகள் சொல்லி எல்லாம் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போவே?" என்றார்.

"எங்கயும் இல்ல. பாலம் வரைக்கும் போய்த் திரும்பிடுவேன். நிறுத்தியே வச்சா டயர் ஒரு பக்கமா தட்டையாயிடும்னு போட்டிருக்கு. அஞ்சு நிமிஷம் உறுமவிட்டு நிறுத்துறது கெடுதலாம், எண்ணெய் நல்லா சூடாகுற வரைக்கும் ஓட்டணுமாம். நீங்க தினம் அதைத்தான் செய்றீங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "மாட்டேன்."

"மாப்பிள்ளைகிட்ட நான் போய்ப் பேசுறேன்" என்று அவள் எழுந்தாள். உட்காரச் சொல்லிவிட்டு அவரே படியேறினார். மகள் குடிவந்த பிறகு அவர் மாடிக்கு ஏறுவது அதுதான் முதல் தடவை. பாதியில் நின்று முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

மாடியில் ஏழு பெட்டிகள் ஒட்டு நாடா போட்டு அடுக்கியிருந்தன. மாப்பிள்ளை எட்டாவதை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டியை எடுத்தது நீங்க இல்ல" என்றார் தராசு.

"ஆமா மாமா."

"யாருன்னு தெரியுமா?"

"தெரியும்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"நான் எடுத்தேனான்னு கேட்டீங்க. எடுக்கலன்னு சொன்னேன். அதுக்கு மேல நீங்க ஒண்ணும் கேக்கல."

மேலே இருந்த பெட்டியில் இருமல் மருந்தின் பெயர் இருந்தது. தராசு சட்டைப் பையில் கைவிட்டு இரண்டாவது சாவியை எடுத்தார். தாழ்ப்பாளை அழுத்தி உள்ளிருந்த இரும்பை உருவி, ஒட்டு நாடாவை நீளவாக்கில் கிழித்தார். உள்ளே சட்டிகள். ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினார்.

மகள் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கி அலமாரியில் வைத்தாள். அடுத்ததற்குக் கை நீட்டினாள்.

"அந்தச் சாவியை அம்மாகிட்ட குடுத்துடுங்கப்பா" என்றாள்.

"கடைசிப் பெட்டி முடியட்டும்" என்றார் தராசு.