ஆயுத பூசைக்கு வைத்த துவக்கு

இந்த நாட்டில் துவக்கு லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால், கூட வாழ்கிற ஆளும் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். என் புருசன் மகேஸ்வரன் அந்தப் படிவத்தை மூன்று கிழமை சாப்பாட்டு மேசையில் கிடக்க விட்டு, கடைசியில் ஹொக்கி பார்த்துக்கொண்டே ஒப்பம் போட்டார். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் வைத்தார். நான் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னது அவர்தான்.

நான் வெக்ஸ்போர்ட்டில் ஒரு சின்னப் பட்டறையில் இருபத்திரண்டு வருசமாக இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறவள். முதலாளி மரியோ ஒரு கோடையில் எங்கள் எல்லோரையும் விட்பிக்கு அங்கால் இருக்கும் தன்னுடைய சுடும் கழகத்துக்குக் கூட்டிப் போனார். ஐம்பது மீற்றருக்கு அப்பால் ஒரு கடதாசி. ஆளுக்குப் பத்துக் குண்டு. என் பத்தும் மற்றவர்களுடையதை விடக் கிட்டக் கிட்ட விழுந்திருந்தன. மரியோ கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இன்னொரு பெட்டி குண்டை என் பக்கம் தள்ளினார். நாற்பத்திரண்டு வயதில், எனக்கு ஒரு விசயம் நன்றாக வருகிறது என்று முதல்முதலாகத் தெரிந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஆனால் கழகத்துத் துவக்குகள் எல்லாம் ஆறடி ஆம்பிளைகளுக்கு அளவெடுத்தவை. எனக்கோ கை கட்டை. கடையில் பொருத்தமாய் விற்பது ஆறாயிரம் டொலர். போங்கடா என்று நானே செய்யத் தொடங்கினேன். ஒரு பழைய இருபத்திரண்டு காலிபர் துவக்கை வாங்கி, அதன் நடுப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டேன். புதுக் குழலை மரியோவின் லேத்தில், வேலை முடிந்த பிறகு, அவர் பக்கத்தில் நின்று கோப்பி குடிக்கக் குடிக்க, நானே கடைந்து பொருத்தினேன். துவக்கின் கட்டைக்கு வால்நட் மரம். படுத்துச் சுட, முழந்தாளில் சுட, நின்று சுட என்று மூன்றுக்கும் ஒரே துவக்கு போதுமாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதனால் கன்னம் வைக்கும் கட்டையும் தோளில் முட்டும் தகடும் ஏறி இறங்கும்படி செய்து, பக்கத்தில் கோடு கீறி இலக்கம் வெட்டினேன். படுக்க ஏழு, முழந்தாளுக்கு நாலு, நிற்க இரண்டு. என் உடம்பின் அளவு அந்த மரத்தில் இருந்தது. மூன்று வருசம் பிடித்தது. போன ஆவணியில் பத்துக் குண்டையும் ஒரு பத்துச் சத நாணயக் குற்றி மூடுகிற அளவுக்குள் போட்டேன். ஐப்பசியில் மாகாண அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், உன் பெயரைக் கொடுத்துவிட்டேன் என்றார் மரியோ.

இந்த மூன்று வருசமும் மகேஸ்வரன் தன் சனத்துக்குச் சொன்னது, பிரசாந்தினி சனிக்கிழமைகளில் ஜிம்முக்குப் போகிறாள் என்று. றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் அவருடைய அக்கா, என் மச்சாள் புனிதவதிக்கு எப்படியோ மணந்துவிட்டது. துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள், இவள் காசு கொடுத்து வாங்குகிறாள் என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னா. நானும் பயந்து ஓடி வந்தவள்தான். அந்தத் துவக்குகளுக்கு முன்னால் நான் ஆள். இந்தத் துவக்குக்கு முன்னால் கடதாசி. இந்த வித்தியாசம் விளங்காத ஆளோடு என்னத்தைக் கதைக்கிறது?

துவக்கை இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன். ஒரு திறப்பு என் தாலிக்கொடியோடு கழுத்தில். மற்றதை ஒரு கடித உறையில் போட்டு, பாஸ்போட், அகதி வழக்குக் கடதாசிகள், கலியாணப் பதிவு எல்லாம் இருக்கும் அந்தப் பெரிய பையின் அடியில் வைத்தேன். அந்தப் பையை ஒருத்தரும் தொடுவதில்லை என்று நினைத்தேன்.

சரஸ்வதி பூசை ஒரு வியாழக்கிழமை வந்தது. நான் வருசா வருசம் என் மைக்ரோமீற்றரையும் வேர்னியரையும் படத்துக்கு முன்னால் வைப்பேன். அன்றும் விடிய அவற்றை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மகேஸ்வரனுக்கு லீவு. பின்னேரம் நாலு மணிக்கு வீட்டுக்குள் கால் வைக்கிறேன், சாம்பிராணி மணக்கிறது. சுண்டல், அவல், வாழைப்பழம், கும்பம். சரஸ்வதியின் காலடியில் பட்டு விரித்து, அதன் மேல் என் துவக்கு. குழலில் மூன்று குறி விபூதி, கன்னக் கட்டையில் சந்தனம், குங்குமம், வாயில் ஒரு செவ்வந்திப் பூ. எனக்கு மேலெல்லாம் பற்றி எரிந்தது.

"என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?" என்றேன்.

"ஆயுத பூசைக்கு ஆயுதம் வைக்காமல் என்னத்தை வைக்கிறது? நீர் மூண்டு வருசம் மினக்கெட்டுச் செய்த சாமான். வந்த சனமெல்லாம் வாயைப் பிளந்ததுகள் பிரசா," என்றார்.

அவர் முகத்தில் பெருமை. சத்தியமாகப் பெருமை. மூன்று வருசமாக நான் பார்க்க ஏங்கிய அந்த முகத்தை அன்றைக்குத்தான் காட்டினார், அதையும் இப்படிக் காட்டினார். லைசென்ஸ் இல்லாத ஆள் இதைத் தொடவே கூடாது, பூட்டாமல் வெளியில் வைக்கக் கூடாது, உங்களுக்கு மண்டைக்குள் ஒன்றும் இல்லையா என்று கத்திக்கொண்டே எடுத்துத் துடைத்துப் பூட்டினேன். அப்போதுதான் போனைக் காட்டினார். குடும்பக் குழுவில் படம் போட்டிருந்தார், மத்தியானமே. படத்துக்குக் கீழே: "என்ர மனுசி தன்ர கையால செய்தது. அவ வேலைக்குப் போட்டா. நானே அலுமாரியைத் திறந்து எடுத்து வைச்சனான்." குழுவில் நாற்பத்திரண்டு பேர். பூவும் கைகூப்பும் குவிந்து கிடந்தன. மச்சாள்கூட ஒரு இதயம் போட்டிருந்தா. வேறு குழுக்களுக்கும் அனுப்பினீர்களா என்று கேட்டேன். கோயில் குழுவுக்கு மட்டும் என்றார், எழுத்து ஒன்றும் இல்லை, வெறும் படம்தானாம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொலிஸ் வந்தது. ஒரு பெண், ஒரு ஆள். மரியாதையாகத்தான் வந்தார்கள். யாரோ படத்தைப் பார்த்துவிட்டு அறிவித்திருக்கிறார்கள், யாரென்று சொல்லவில்லை. அவர்களிடம் இருந்தது வெறும் படம். துவக்கை வெளியில் எடுத்தது யார் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். லைசென்ஸ் உள்ள நான் எடுத்து வைத்திருந்தால் அது பாதுகாப்பில் விட்ட பிழை. லைசென்ஸ் இல்லாத ஒருவர் எனக்குத் தெரியாமல் எடுத்திருந்தால் வழக்கு அவர் மேல் என்று அந்தப் பெண் விளக்கினா.

மகேஸ்வரனுக்கு விமான நிலையத்தில் வேலை. பயணிகளின் பைக்குள் இருக்கும் நகவெட்டியைக் கண்டுபிடித்துப் பறிக்கிற வேலை. அதற்கு அரசாங்கத்தின் பாதுகாப்பு அனுமதி வேண்டும். வழக்கு என்று ஒன்று வந்தால் அனுமதி போய்விடும்.

நான் அவரைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிவுப் போட்டிக்கு நான் சுடப் போகலாம். ஆனால் அதை நான் சொல்லக் கூடாது, அவர் வாயால் வர வேண்டும் என்று நின்றேன். அவர் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழில், மெல்ல, "பிரசா, என்ர வேலை," என்றார்.

அவ்வளவுதான். ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு 'தயவு செய்து' இல்லை.

நான்தான் எடுத்து வைத்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு தரம் சொல்ல வைத்து எழுதிக்கொண்டார்கள். அந்த ஆள் துவக்கை உறைக்குள் தள்ளும்போது கன்னக் கட்டை இடித்தது. திருகைத் தளர்த்தி அமத்தினான். ஏழில் இருந்தது அடியோடு இறங்கியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது, சீ என்று குசினிக்குள் போய்விட்டேன்.

வழக்குப் பதியவில்லை. அதற்குப் பதிலாக லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன், துவக்கை அழிக்கச் சம்மதம் எழுதினேன், ஐந்து வருசத்துக்கு மறுபடி கேட்பதில்லை என்றும் ஒப்பமிட்டேன். இந்த ஒப்பத்துக்கு மூன்று கிழமை எடுக்கவில்லை. மரியோவிடம் சொன்னபோது அவர் லேத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றார். தெரிவுப் போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை நான் இடியப்பம் அவித்தேன்.

மகேஸ்வரன் வழமை போல வேலைக்குப் போய் வந்தார். அந்தக் கிழமை ஒருநாள் சாப்பிடும்போது, என்ன இருந்தாலும் பெரிய கண்டத்தில் இருந்து தப்பினோம் என்றார். தப்பினோமாம்.

அதற்கடுத்த நாள் மத்தியானம், பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் குடும்பக் குழுவைத் திறந்தேன். புனிதவதி மச்சாள் கேட்டிருந்தா, பொலிஸ் வந்ததாமே, என்ன நடந்தது தம்பி என்று. மகேஸ்வரன் பதில் எழுதியிருந்தார்: "ஒண்டுமில்லை அக்கா. அவ கவனமில்லாமல் வெளியில வைச்சிட்டா. நான் எத்தினை தரம் சொன்னனான், கேட்டால்தானே."

விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பூசை நாளுக்குப் போனேன். சுண்டல் படம் இருந்தது, கும்பம் படம் இருந்தது. என் துவக்கு இருந்த இடத்தில், இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்று ஒரு வரி. நானே அலுமாரியைத் திறந்து எடுத்து வைச்சனான் என்று அவர் எழுதியதை நாற்பத்திரண்டு பேரும் வாசித்தவர்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய பதிலுக்குக் கீழே பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள், மச்சாள் மட்டும் எழுத்திலேயே போட்டிருந்தா: "நீ பாவம் தம்பி."