குறை இருந்தால் மேலே

மண்ணரைப் பகுதியில் குடியிருக்கும் டெய்லர் குகன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே எழும்பிக் கூரைத் தகரத்தில் போய் ஒட்டிக்கொண்டான். காபி சிந்தவில்லை. காரணம், அவன் மனைவி சித்ராதேவி செல்போனில் எழுதிய இரண்டு வரிகள். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள் அவள். துணியைத் திருப்பிப் பார்த்தே கண் பூத்துப்போய், கம்ப்யூட்டர் வேலைக்கு மாறிவிடலாம் என்று கோடிங் படிக்க ஆரம்பித்திருந்தாள். அன்றைய பாடம் நிபந்தனை: இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய். உதாரணத்துக்கு எங்கே போவாள்? கம்பெனி வழக்கத்தையே எழுதினாள். குறை இருந்தால் மேல் அலமாரி, இல்லாவிட்டால் அட்டைப்பெட்டி. பொத்தானை அமுக்கியதும் வீடு அப்படியே கேட்டு நடந்தது. புதுச் சேலை தானாக மடிந்து பெட்டிக்குள் இறங்கியது. கைப்பிடி போன தோசைக்கல் மேலே போனது; மேல் அலமாரி இல்லாத வீடு என்பதால் தகரத்தில் முட்டி நின்றது. விரிசல் விட்ட குடம், சுவருக்கும் தகரத்துக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாக வெளியேறி ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் பறந்தது, திரும்பி வரவே இல்லை. அடுத்ததுதான் குகன். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் நேராக வீடு வந்து சேராத குணம் அவனுக்கு.

வீட்டுக்காரம்மா ரங்காத்தாள் எட்டிப் பார்த்தாள். "கண்ணு, தகரம் இப்பத்தான் மாத்துனது, நெளிச்சுப்போடாத சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். குகன் மெல்ல மெல்ல அந்த இடுக்கை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தான்.

"அம்மிணி, அப்ப நான் ரிஜெக்ட்டுத்தானா?" என்று கேட்டான்.

சித்ராதேவி கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் குறை பார்த்தவள்தான். ஆனால் அவன் இல்லாத வீட்டை ஒருநாளும் நினைத்ததில்லை. செக்கிங் மேசைக்கு அடியில் ஆல்ட்டர் கூடை என்று ஒன்று இருக்குமே, பிரித்துத் தைத்தால் தேறுகிற துணிக்கு, அதை எப்படி மறந்து தொலைத்தாள்? "இருங்க மாமா, எறக்கிப்போடறேன்" என்று கீழே மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தாள்: சரிசெய்ய முடிந்தால் கூடை. குகன் இறங்கவில்லை. அவன் கால் இரண்டும் இடுக்குக்கு வெளியே போய்விட்டன. பதறிப்போய்ப் பாடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். செல்போன் வரிகளை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும், முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும், அதற்குக் கீழே இருப்பதை ஏறெடுத்தும் பார்க்காது. குறை இருக்கிறதா என்று முதலில் கேட்டால் யார்தான் தப்புவார்கள்? சரிசெய்யும் வரியை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்தாள்.

குகன் காபி டம்ளரோடு இறங்கி வந்து, மூலையிலிருந்த துணிக்கூடைக்குள் உட்கார்ந்தான். தோசைக்கல்லும் பின்னாலேயே வந்தது. அப்பாடா என்று சித்ராதேவி தரையிலேயே சாய்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பிறகு அவள் கம்ப்யூட்டர் வேலைக்கு மாறிவிட்டாள். அந்த வரிகளை மட்டும் அழிக்கவில்லை. சனிக்கிழமை எங்காவது சுற்றிவிட்டு வந்தால், மறுநாள் விடியும்போது குகன் கூடையில் இருப்பான். அவள் கை கொடுத்துத் தூக்கிவிடுவாள். கோபத்தில் வார்த்தையை விட்ட வாரங்களில் அவளும் அதே கூடையில் இருந்தாள். இடம் போதவில்லை என்று இருவருமாகக் கடைவீதிக்குப் போய், பெரிய கூடையாக ஒன்று வாங்கி வந்தார்கள்.