தீபாவின் மதினி

தீபாவுக்குக் கருமாதி முடிந்த மறுவாரம், அவளுடைய நாத்தனார் அறிவுச்செல்வி சேவுகம்பட்டி பஸ் நிறுத்தத்தில் தனியாக வந்து இறங்கினாள். டீக்கடையில் இருந்தவர்களுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் தீபா கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அக்காவாக, பட்டுச் சேலையும் ஆரத்தித் தட்டுமாக நின்றவள். அவள் தெரு திரும்புவதற்குள் செய்தி தீபாவின் அம்மா பொன்னழகுக்குப் போய்விட்டது.

பொன்னழகு அப்போது பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவக்கூட இல்லை, அப்படியே எழுந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டு ஆட்கள் யார் வந்தாலும் படியேற விடக்கூடாது என்று முடிவு கட்டியிருந்தாள். பொன்னழகு முடிவு கட்டினால் ஊரே சேர்ந்து வந்தாலும் அவிழ்க்க முடியாது. தோட்டத்தில் மல்லிகை எடுக்கிற பெண்கள் அவள் குரல் வரப்பில் கேட்டதுமே கையை வேகமாக ஓட்டுவார்கள். அவள் புருஷன் சோலைமலை அதற்கு நேர் எதிர். நாளெல்லாம் சேர்த்து அவர் பேசுகிற பேச்சை ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் எண்ணி முடித்துவிடலாம்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே மகளாக வளர்ந்தவள் தீபா. அப்பாவுக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். அம்மா மாதிரியே இடுப்பில் கை வைத்து, அம்மா குரலிலேயே, "ஏங்க, தண்ணி மோட்டாரை நிறுத்துனீங்களா, இல்ல தெருவையும் சேத்துப் பாய்ச்சுறீங்களா?" என்று கேட்டுக் காட்டுவாள். சோலைமலை நிஜமாகவே எழுந்து மோட்டாரைப் பார்க்கப் போய்விடுவார். கல்யாணமாகித் திண்டுக்கல் போன பிறகும், ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பாவுக்குப் பிரியாணிப் பொட்டலம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வருவாள். பஸ் முழுக்க மணக்க, பக்கத்து சீட்டுக்காரர்கள் பசியோடு இறங்கிப் போவார்கள்.

புருஷன் விக்னேஷ்குமார் நாகல்நகர் பக்கம் டூவீலர் பட்டறை வைத்திருந்தான். ஒரு நாள் காலையில் அவன்தான் போன் பண்ணினான். தீபா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள், பெரியாஸ்பத்திரிக்கு வாங்க என்றான். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவளை வெள்ளைத் துணியில் போர்த்தியிருந்தார்கள். பொன்னழகு துணியை விலக்கிப் பார்த்தாள். கழுத்தில் கன்றிப்போயிருந்தது. மேல்கையில் விரல் பதிந்த தடங்கள், அதில் சில பழசாகி மஞ்சள் பாரித்தவை. வழுக்கி விழுந்தவளுக்குக் கழுத்தில் எப்படி அடிபடும் என்று கேட்டாள். மருமகன் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊரிலிருந்து இரண்டு வேன்களில் சனம் வந்தது. போலீஸ் சந்தேக மரணம் என்று வழக்குப் பதிந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்திருப்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும் என்று இன்ஸ்பெக்டரம்மா வந்து சொல்லி, எதையும் மூடி மறைக்க விடமாட்டேன் என்று பொன்னழகு கையைப் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் உடம்பை வாங்கினார்கள். ஆனால் பக்கத்து வீடுகளில் விசாரித்தபோது எல்லோரும் அந்த நேரத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்ததாகவே சொன்னார்கள். ஒருவர் காதிலும் எதுவும் விழவில்லையாம்.

இந்த நிலைமையில்தான் அறிவுச்செல்வி வாசலில் வந்து நின்றாள்.

"என்னத்துக்கு வந்த? உன் தம்பி அனுப்புனானா?"

"இல்லீங்க அத்தை. நான் வந்தது அவனுக்குத் தெரியாதுங்க."

அவள் வாழ்க்கைப்பட்டது பழனிக்கு அந்தப்பக்கம் நெய்க்காரப்பட்டி. பேச்சு அந்த ஊர்ப் பேச்சாகவே மாறியிருந்தது. பொன்னழகு அடுத்து என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. அதற்குள் அவள் கைக்கு அடியில் நுழைந்து பேத்தி தமிழ்நிலா வெளியே ஓடிப்போய், "அத்தே" என்று அறிவுச்செல்வி முழங்காலைக் கட்டிக்கொண்டது. அறிவுச்செல்வி நின்ற இடத்திலேயே தெருவில் உட்கார்ந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள். அம்மா போனதிலிருந்து அந்தக் குழந்தை சிரிக்கவில்லை. ஊட்டுகிற சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளும். இப்போது அத்தையின் தோட்டை ஆட்டிப் பார்த்துச் சிரித்தது. பிறகு பொன்னழகைத் திரும்பிப் பார்த்து, "அத்தைக்கும் ஊட்டு" என்றது.

பொன்னழகு வாசலை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"உள்ள வா. வெயில்ல ஒக்காராத," என்றாள்.

அன்று மத்தியானம் அறிவுச்செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். தீபா ஒவ்வொரு முறை அடி வாங்கும்போதும், முருகனைப் பார்க்கப் பழனிக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு நெய்க்காரப்பட்டிக்கு வந்துவிடுவாளாம். ஒரு தடவை அறை விழுந்து இடது காதில் ரத்தம் வந்திருக்கிறது. அறிவுச்செல்வியும் அவள் புருஷன் அன்புமணியும்தான் பழனியில் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ஜவ்வு கிழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார் டாக்டர். அறிவுச்செல்வி தம்பியிடம் நேரில் போய்ச் சண்டை பிடித்தாள், தீபாவைக் கொஞ்ச நாள் அனுப்பாமலும் வைத்துக்கொண்டாள். அவன் வந்து அழுது கூட்டிப்போனான். கடைசி நாள் மத்தியானம் தீபா போன் பண்ணி, இனிமேல் முடியாது மதினி, காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரேன், உங்க வீட்டிலிருந்தே அம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லிக்கலாம் என்றிருக்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப்பக்கம் விக்னேஷ்குமாரின் குரல் கேட்டு, போன் நின்றுவிட்டது. மறுநாள் காலையில் அறிவுச்செல்வி பஸ்ஸுக்குப் போய்க் காத்திருந்தாள். பஸ் வந்தது. தீபா வரவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த பொன்னழகுக்கு, ஆடிக்கு வந்தபோது மகள் எதைச் சொன்னாலும் திரும்பக் கேட்டது ஞாபகம் வந்தது. காது செவிடா உனக்கு என்று அதட்டியதும் ஞாபகம் வந்தது. "எங்கிட்ட ஏன் சொல்லலை அவ?" என்று கேட்டாள்.

"நானும் கேட்டனுங்க. எங்கம்மாட்ட சொன்னா அன்னைக்கே அருவாளோட பஸ் ஏறிரும் மதினி, அப்புறம் அதை நான் ஜெயில்ல போயில்ல பாக்கணும்னு சொல்லிச் சிரிச்சாளுங்க."

பொன்னழகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளின் குரலே காதில் விழுந்த மாதிரி இருந்தது. சிரித்த வாயோடு அவள் அழுதாள். மகள் செத்த நாளிலிருந்து கத்தியிருக்கிறாள், மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். இப்படி அழுதது அன்றைக்குத்தான். அறிவுச்செல்வி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சோலைமலை, "இதை ஆர்.டி.ஓ. ஆபீசுல சொல்லுவியாத்தா?" என்று மட்டும் கேட்டார்.

"அதுக்குத்தானுங்க மாமா வந்தேன். எங்கம்மா என்னை ஏசும். ஏசட்டுங்க."

அப்படியேதான் நடந்தது. விசாரணை அன்று அறிவுச்செல்வி உள்ளே போய் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, பெற்ற தாய் மரத்தடியில் எல்லோர் முன்னிலும் அவளைச் சபித்தாள். கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என் வயிற்றில் பிறந்தவளே இல்லை என்றாள். பதிலுக்குப் பதில் கொடுக்கப் பொன்னழகுக்கு வாய் துடித்தது. ஆனால் அறிவுச்செல்வி தனியாக நிற்பதைப் பார்த்தாள். சண்டையை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாள். அங்கே ஒரு கடையில் உட்கார வைத்து, இரண்டு வடையும் டீயும் வாங்கிக் கொடுத்து, தின்று முடிக்கிற வரை எதிரிலேயே நின்றாள்.

பழனி டாக்டர் போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்தார். கழுத்து நெரிக்கப்பட்டிருக்கிறது என்று பிரேதப் பரிசோதனையில் வந்தது. வழக்கு கொலை வழக்காக மாறி விக்னேஷ்குமார் கைதானான். சில மாதத்தில் ஜாமீனில் வெளியே வந்ததும், அவன் பக்கத்திலிருந்து பெரிய மனுஷர்கள் சிலர் காரில் சேவுகம்பட்டிக்கு வந்தார்கள். பிள்ளை பேரில் வீட்டு மனை எழுதி வைக்கிறோம், கேஸை இழுக்காமல் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று தொடங்கினார்கள். பொன்னழகு வாயைத் திறப்பதற்குள் சோலைமலை எழுந்துவிட்டார்.

"இந்த வீட்டுல சத்தம் அம்புட்டும் அவதான் போடுவா. இன்னைக்கு நான் போடுறேன். எந்திரிங்க."

அவர் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்டது. வந்தவர்கள் எழுந்து போனார்கள். கார் போன பிறகு பொன்னழகு புருஷனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, உள்ளே போய் அவருக்குக் காப்பி போட்டு எடுத்துவந்தாள்.

அதற்குள் அறிவுச்செல்வியும் பொன்னழகும் தினம் போனில் பேசிக்கொள்கிற பழக்கம் வந்திருந்தது. தமிழ்நிலா சாப்பிட்டாளா என்று ஆரம்பிக்கும். தோட்டம், அன்றைக்குச் சமைத்த வெஞ்சனம், மூட்டுவலி என்று போய், எங்கே சுற்றினாலும் கடைசியில் தீபாவிடம் வந்து நிற்கும். மார்கழி முடியப்போகிற சமயத்தில் ஒரு நாள் போனை அன்புமணி எடுத்தார். செல்வி அழுதுகிட்டு இருக்குதுங்க என்றார். காரணம் கேட்டபோது முதலில் தயங்கினார். பிறகு, இந்த வருஷம் பொங்கச்சீர் கிடையாது என்று அவள் பிறந்த வீட்டிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள், தெருவில் பெண்கள் சாடையாகப் பேசுகிறார்கள் என்றார்.

பொன்னழகு போனை வைத்துவிட்டுப் புருஷனிடம் போனாள். "துட்டி வீடு, நமக்குத்தான் இந்த வருசம் பொங்கல் இல்ல. அவளுக்கு இருக்குல்ல?" என்றாள். சோலைமலை தலையாட்டினார். அவர் முந்தின நாளே அன்புமணியிடம் விஷயத்தைக் கேட்டு, கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் சொல்லி வைத்திருந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அரிசி, வெல்லம், கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, ஒரு பூசணிக்காய், சேலை, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் செம்பட்டியில் பஸ் மாறினார்கள். வழியெல்லாம் பாதயாத்திரைக் கூட்டம் பச்சை வேட்டியோடு பழனியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. நெய்க்காரப்பட்டியில் இறங்கி, சோலைமலை கரும்பைத் தோளில் வைத்துக்கொள்ள, பேத்தி மஞ்சள் கொத்தை இழுத்துக்கொண்டு நடக்க, பொன்னழகு முன்னால் போனாள். வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த அறிவுச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். வாளி கையிலேயே நின்றுவிட்டது.

தெருவில் இரண்டு மூன்று வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பொன்னழகுக்கு அது வசதியாகப் போயிற்று. மல்லிகைத் தோட்டத்தில் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்:

"எம் மகளுக்குச் சீர் கொண்டாந்திருக்கேன். வாளியைக் கீழ வச்சிட்டு வந்து வாங்கு, தாயி."

வழக்கு மகளிர் கோர்ட்டுக்கு வந்து முடிய வருஷங்கள் ஆயின. தமிழ்நிலா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். அறிவுச்செல்வி கூண்டில் ஏறிய நாளில் எதிர்த்தரப்பு வக்கீல், தம்பி மேல் உனக்கு என்ன பகை என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். "பகை இல்லீங்க. இடுப்புல தூக்கி வளர்த்தவ நானு. இன்னைக்கும் பாசந்தானுங்க. அதுக்காக அவன் செஞ்சது இல்லைன்னு ஆயிருமுங்களா?" என்றாள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

விக்னேஷ்குமாருக்கு ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. மதுரையில் அப்பீல் போட்டிருக்கிறார்கள், அது நடக்கும்போது நடக்கட்டும். தீர்ப்பைக் கேட்டதும் சோலைமலை கண்ணை மூடிக் கும்பிட்டார். பொன்னழகுக்கு உடம்பு லேசாயிற்று. மகள் பேரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே வந்து தேடினால் அறிவுச்செல்வியைக் காணோம். கட்டடத்துக்குப் பின்னால் பைக் நிறுத்துகிற இடத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். பொன்னழகைப் பார்த்ததும் அவசரமாகக் கண்ணைத் துடைத்து, "தப்பா நெனைக்காதீங்க அத்தை," என்றாள்.

"தொடைக்காத. அழு," என்றாள் பொன்னழகு. "தம்பில்ல."

அவள் அழுது முடிக்கிற வரை பொன்னழகு பக்கத்திலேயே அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு சோலைமலை வந்து, இப்போது கிளம்பினால்தான் பள்ளிக்கூடம் விடுவதற்குள் போய்ச் சேரலாம் என்றார். அன்று அறிவுச்செல்வி நெய்க்காரப்பட்டிக்குப் போகவில்லை. அன்புமணிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, அவர்களோடு சேவுகம்பட்டி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.