மாமனார் பெயரிலிருந்து ஓர் எழுத்து

வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிய மிராங், மறு செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள். எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாள். அதில் தூரிகையும் கறுப்பு மையுமாகப் பெரிதாய் இரண்டு சீன எழுத்துகள்: 潤夏.

"இது யாரு எழுதினது?"

"நான்தான் அண்ணி. பாப்பா பேரு. யுன்ஹா."

சயோரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஜப்பானில் பிறந்து, கொரியாவில் சின்ஜு ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிரசவ விடுதியிலிருந்து அன்று காலைதான் பிள்ளையோடு வீடு திரும்பியிருந்தாள். பிறந்த பிள்ளையின் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுவது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அதை நாத்தனார் மெச்சிக்கொள்வாள் என்று நினைத்தாளே, பாவம்.

"யுன்னு எழுத எத்தனையோ எழுத்து இருக்கே. இது எந்த யுன்?"

"மாமாவோட யுன்தான்."

மிராங் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி, எங்கப்பா எழுத்தையா எடுத்துப் புள்ளைக்கு வச்சிருக்க?"

"எங்க ஊர்ல தாத்தா பேர்லேர்ந்து ஒரு எழுத்து எடுத்து வைக்கிறது ரொம்ப மரியாதை அண்ணி."

"உங்க ஊர்ல மரியாதை. எங்க ஊர்ல பெரியவங்க எழுத்தைத் தொடவே மாட்டோம். நாளைக்கு இவளை அந்தப் பேரைச் சொல்லி அதட்டுவ. யாரை அதட்டுற? அம்மா இன்னிக்கு வரைக்கும் அவரு பேரை வாயால சொன்னதில்ல, தெரியுமா? 'தேசோக் அப்பா'ன்னு புள்ள பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. இனிமே மூத்திரத் துணி மாத்தறப்பல்லாம் புருஷன் பேரைக் கூப்பிடணுமா அவங்க? உன் புருஷன் தேசோக் என்ன பண்ணிட்டு இருந்தான்? அவனுக்கு இது தெரியாதா?"

"பேரு நீயே வைன்னுட்டாரு. அவரு வேலை பாக்கற கப்பல் நடுக்கடல்ல இருக்கு. காலையில அனுப்பின சேதியே இன்னும் போய்ச் சேரல."

"பதிஞ்சுட்டியா?"

சயோரி தலையை மட்டும் ஆட்டினாள். காலையில் பால் கொடுத்த கையோடு போனிலேயே பதிந்திருந்தாள்.

மிராங் உடனே பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். இன்னும் ஏற்றவில்லை, ஆறு மணிக்குள் பெற்றவள் நேரில் வந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஏற்றிவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும் என்றார்கள். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. பிள்ளையைப் பார்க்க மாமியார் ஒக்புன் வரும் பஸ்ஸும் ஊருக்குள் நுழைந்திருக்கும்.

"கிளம்பு. புள்ளைய நான் பாத்துக்கறேன். போறப்ப அந்தத் தாளைக் கிழிச்சுட்டுப் போ."

கிழி என்றால் கிழித்துவிட முடிகிறதா? கல்யாணமாகி வந்த புதிதில் சயோரிக்குக் கொரிய மொழி சுத்தமாகத் தெரியாது. சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று மாமியார் கத்திக் கத்திப் பேசுவாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், அரிசி மண்டி வைத்திருந்த மாமனார் யுன்சிக், பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுத் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதிக் காட்டினார். அவள் 'ஜுன்' என்று படித்தாள். அவர் 'யுன்' என்று திருத்தினார். சத்தம்தான் வேறே தவிர இருவருக்கும் எழுத்து ஒன்று.

பிறகு அவர் அந்த எழுத்தைப் பிரித்துப் போட்டார். இடப்பக்கம் மூன்று துளி தண்ணீர். வலப்பக்கம் ஒரு கதவு, கதவுக்கு நடுவே ஒரு ராஜா. வருஷத்தில் மிச்சமாக ஒரு மாதம் வந்துவிட்டால் சீனத்துப் பழைய ராஜா அந்த மாதத்துச் சடங்கை வாசற்கதவிலேயே இருந்து செய்வானாம். கதவும் ராஜாவுமாக அந்த மிச்ச மாதத்துக்கு ஓர் எழுத்து பிறந்தது. அதோடு தண்ணீரைச் சேர்த்தால் நனைவது, செழிப்பது. சீனாவில் லாபம் என்ற சொல்லுக்குள் இது இருக்கிறது என்று எழுதிவிட்டு, வியாபாரி இல்லையா, இரண்டு விரலைத் தேய்த்துக் காட்டினார். அவள் ஓடிப்போய்த் தன் முகக் களிம்புக் குப்பியை எடுத்துவந்து அதில் அதே எழுத்தைக் காட்டினாள். ஜப்பானில் அது சருமத்தின் ஈரம். அவர் விழுந்து விழுந்து சிரித்து, அவள் கிண்ணத்துச் சோற்றைத் தொட்டுக் காட்டினார். கொரியாவில் நல்ல சோற்றின் மினுமினுப்புக்கும் அந்த எழுத்துதான்.

அன்று முதல் புகுந்த வீட்டில் அவளோடு பேசிய ஒரே மனிதர் அவர்தான். பசிக்கிறதா, காய்ச்சலா, அம்மா ஞாபகமா என்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கேட்பார். போன வருஷம் போய்விட்டார். மாமியாரோ, 'அந்தப் பொண்ணு' என்பதை விட்டு 'எங்க மருமக' என்று சொல்ல ஆரம்பித்ததே இந்தப் பிரசவத்துக்கு அப்புறம்தான். அந்த ஒரு சொல்லும் இன்றோடு போய்விடுமே என்று சயோரி கோட்டை எடுத்தாள். கோட்டில் ஒரு கையை நுழைத்துக்கொண்டு, மறு கையால் தாளின் ஒரு மூலையைப் பிரித்தாள்.

வாசல் மணி அடித்தது.

ஒக்புன், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கடற்பாசி சூப் பாத்திரத்தைத் துணியில் முடிந்து தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். படிப்பு அதிகமில்லாதவள்தான். ஆனால் புருஷன் பெயர் போட்ட மண்டிப் பலகையைத் தினம் துடைத்தவளுக்கு அந்த எழுத்தைத் தெரியாமல் இருக்குமா? பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரையே பார்த்தாள்.

"அவளுக்கு நம்ம வழக்கம் தெரியாதும்மா, திட்டாத" என்று மிராங் முந்திக்கொண்டாள். "ஆபீஸ் இன்னும் தொறந்துதான் இருக்கு. இப்பப் போனா மாத்திடலாம்."

"தப்புதான் அத்தை" என்றாள் சயோரி. "மாமா போனதுக்கப்புறம் அவரு பேரு நம்ம குடும்பத்துல யாரு வாயிலயும் வரவே இல்ல. யாராவது கூப்பிடணும்னு ஆசைப்பட்டுட்டேன்."

ஒக்புன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சயோரி கடிகாரத்தைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில கடைசி நாளு" என்றாள் ஒக்புன், யாரையும் பார்க்காமல். "நர்ஸு சொன்னா, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா, கண்ணு தொறப்பாருன்னு. எனக்கு வாய் வரல. தேசோக் அப்பா, தேசோக் அப்பான்னுதான் கத்தினேன். அவ பொறுத்துப் பாத்துட்டு, அவளே பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. கண்ணத் தொறந்து அவ பக்கம் திரும்பினாரு. அப்படியே போயிட்டாரு."

மிராங் வாயைப் பொத்திக்கொண்டாள். "இத நீ சொல்லவே இல்லையேம்மா."

"இத எவகிட்டடி சொல்றது."

உள்ளே பிள்ளை வீறிட்டது. ஒக்புன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனாள். சயோரியும் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றாள்.

"அத்தை, நேரமாகுது. நான் போயிட்டு வந்துடட்டுமா?"

ஒக்புன் பிள்ளையைத் தூக்கிக் கையில் கிடத்திக்கொண்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி முயன்றாள்.

"யுன்..."

அங்கேயே நின்றுபோனது. மாமியாரின் கழுத்து சிவந்ததைச் சயோரி பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை பெரியப்பா வருவாரே, இதைப் பாத்தா என்ன ஆகும்?" என்றாள் மிராங் பின்னாலிருந்து.

"கேட்டா, நான் வச்ச பேருன்னு சொல்லு" என்றாள் ஒக்புன். "கோட்டைக் கழட்டுடி மருமகளே. சூப்பு ஆறுது."

பிறகு பிள்ளையின் பக்கம் குனிந்தாள். பிள்ளை வேறெங்கோ பார்த்துக்கொண்டு அழுதது.

"யுன்ஹா" என்று கூப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சத்தமாக, "யுன்ஹா, நான்தான் கூப்பிடுறேன். இந்தப் பக்கம் திரும்பு."