துணிக்கொடியில் காய்ந்த கணினிகள்

கிளெண்டா பைஃபரின் வீட்டுக்குள் பக்கவாட்டாகத்தான் நடக்க முடியும். கூடத்தின் இரு சுவர்களிலும் உட்கூரை வரைக்கும் பழைய கணினிகள். படுக்கையறையில் டிவியோடு இணைத்து ஆடும் பழைய விளையாட்டுப் பெட்டிகள். குளியல் தொட்டியில் விசைப்பலகைகள் ஊறிக்கொண்டிருந்ததை ஒருமுறை என் கண்ணாலேயே பார்த்தேன். "அப்போ நீ எங்க குளிப்ப?" என்று கேட்டதற்கு, "அது குளிச்சு முடிக்கட்டும், நான் காத்திருக்கேன்" என்றாள்.

ஆற்றங்கரை ஊரான லிஸ்மோரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் கிளெண்டா. நான் மலைக்கு மேலே தூவூம்பாவில் இருக்கிறேன். அங்கே எங்களுக்கு ஒரு பழைய கணினிச் சங்கம் உண்டு. மாதம் ஒருமுறை மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு அவள் வந்துவிடுவாள். செத்துப்போன பலகையில் எந்தச் சில்லு மண்டையைப் போட்டிருக்கிறது என்று விரல் நுனியால் தொட்டுச் சூட்டை வைத்தே சொல்லுவாள்.

அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் நெவில் பாஸோ. மனைவியை இழந்தவர். புல்வெளியைத் தாடியைப் போலக் கத்தரித்து வைத்திருப்பார். கிளெண்டாவின் வீடு கம்பங்களின் மேல் உயரமாக நிற்பது. அடியில் இருக்கும் இடமெல்லாம் அட்டைப்பெட்டிகள். அதைப் பார்த்தால் நெவிலுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏம்மா, உன் வீட்டப் பாத்தா குப்பைமேடே கூச்சப்படும்" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொல்வார்.

"உன் புல்லப் பாத்து ஆடு மாடெல்லாம் பட்டினில அழுவுதுய்யா. அதப் போய் முதல்ல கவனி" என்பாள் இவள்.

இப்படியே பல வருடங்கள்.

அந்த வருடம் பிப்ரவரி கடைசியில் மழை விடவேயில்லை. எழுபத்து நாலாம் வருட வெள்ளம் எதுவரை ஏறியதோ அதற்கு மேல் ஆறு ஏறாது என்று அந்தத் தெருவே நம்பியிருந்தது. கிளெண்டாவின் வீடும் அந்தக் கணக்கில் உயர்த்தியதுதான். ஆனாலும் வெள்ளத்துக்கு முதல்நாள் சாயங்காலமே அவள் கீழே இருந்த பெட்டிகளை வீட்டுக்குள் ஏற்றத் தொடங்கினாள். தண்ணீர் படியேறத் தொடங்கியதும் வீட்டுக்குள் இருந்தவற்றைக் கூரைக்கு அடியில் இருந்த பரணுக்கு ஏற்றினாள்.

விடிகிற நேரத்தில் நெவிலின் குரல் கேட்டது. அவர் வீடு தாழ்வானது. முற்றத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கிளெண்டா வெளியே வந்தபோது தண்ணீர் அவர் மார்புக்கு வந்திருந்தது. நீளமான மின்கம்பிச் சுருளை அவிழ்த்து வீசினாள். அவர் அதைப் பிடித்துக்கொள்ள, கைப்பிடிச் சுவரில் காலை முட்டுக்கொடுத்து இழுத்துப் போட்டாள்.

இருவரும் பரணில் ஏறினார்கள். சுற்றிலும் அவள் அடுக்கி வைத்த கணினிகள். தண்ணீர் கீழே அறைகளை நிரப்பிவிட்டு ஏணித் துவாரம் வழியாகத் தலையை நீட்டியது. மேலே தகரக் கூரை. அதை உடைக்கக் கோடாலியும் இல்லை, கீழே எங்கேயோ மூழ்கிக் கிடந்தது.

கிளெண்டாவின் பக்கத்தில் கைப்ரோ என்ற பழைய கணினி இருந்தது. இரும்புப் பெட்டிக்குள் திரையும் கணினியும் சேர்ந்தே இருக்கும். பின்னால் ஒரு கைப்பிடி. கையில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லி அந்தக் காலத்தில் விற்றார்கள். எடுத்துப் போனவனுக்குத் தோள்பட்டை இறங்கிவிடும். ஒரு பால்பண்ணைக் கொட்டகையில் உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த நிலையில் அவளுக்கு அது கிடைத்தது. அதை எழுப்பி உட்கார வைக்க அவள் பட்ட பாடு எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"யோவ், அந்தப் பெட்டியத் தூக்கு."

"இதையா? இதத் தொட்டாலே கைய வெட்டுவேன்னு சொல்லுவியே!"

"வெட்டறத அப்புறம் வெச்சுக்கலாம். நீ அந்தப் பக்கம் பிடி. நான் சொல்றப்போ மேல இடி."

முதல் இடியில் தகரம் அசையவில்லை. பெட்டிக்குள் திரை நொறுங்கும் சத்தம்தான் கேட்டது. நெவில் கையைத் தளர்த்தினார்.

"நிறுத்தாதய்யா!" என்று கத்தினாள். இடித்தார்கள். ஒரு ஆணி துள்ளியது, அடுத்தது துள்ளியது, தகடு வாயைத் திறந்தது. மழை முகத்தில் அடித்தது. நெவிலை முதலில் மேலே தள்ளினாள். அவர் குப்புறப் படுத்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். கைப்ரோவை அவள் எப்போது விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. வெகுநேரம் கழித்து முன்பின் தெரியாத ஒருவன் மீன்பிடிப் படகில் வந்து இருவரையும் இறக்கிக்கொண்டு போனான்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். வெள்ளம் வடிந்த பின் கிளெண்டா கைபேசியை எடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறாள், மேட்டில் தங்கை வீட்டில் இருக்கிறாள் என்று மட்டும் கேள்விப்பட்டோம். அப்புறம் ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"தம்பி, நீங்க யாருன்னு தெரியாது. நான் நெவில், பக்கத்து வீட்டுக்காரன். கிளெண்டாவோட பெட்டிங்க பின்னாடி உங்க சங்கத்து நம்பர் ஒட்டியிருக்கு. அவ எல்லாத்தையும் அள்ளி ரோட்டோரம் போட்டுட்டா. குப்பை லாரி வரப்போவுது. நான் எடுத்து வந்து கழுவி வெச்சிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதால கழுவுனீங்க?"

"தோட்டத்துக் குழாயாலதான். பின்ன என்ன, பன்னீர் தெளிக்கணுமா?"

"கரன்ட் குடுத்துப் பாத்தீங்களா?"

"இந்தத் தெருவுல கரன்ட்டப் பாத்தே எத்தன நாளாச்சு!"

எனக்கு மூச்சு வந்தது. மின்சாரம் பாயாத பலகையைத் தண்ணீர் உடனே கொன்றுவிடாது. காய்ந்து இறுகும் சேறும், அவசரப்பட்டுக் கொடுக்கும் மின்சாரமும்தான் கொல்லும். அந்த மனிதர் தெரியாமலே செய்ய வேண்டியதைச் செய்திருந்தார்.

மறுநாள் காருக்குப் பின்னால் இழுவை வண்டியை மாட்டிக்கொண்டு போனேன். தெரு முழுக்கச் சேற்று நாற்றம். வீடுகளின் முன்னால் மெத்தைகள், குளிர்சாதனப் பெட்டிகள், யாருடையதோ பியானோ. நெவிலின் பின்முற்றத்துக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். குடைபோல் விரிந்து சுழலும் துணிக்கொடியில் துணிக்குப் பதில் மின்பலகைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கவ்விகள். காற்றடித்தபோது அத்தனையும் பச்சைப் பச்சையாக மெல்லச் சுற்றின. விசைகளைக் கழற்றிக் காய்கறி வடிகட்டும் தட்டில் பரப்பியிருந்தார்.

"எல்லாத்தையும் நீங்களே பிரிச்சீங்களா?"

"ஆமா, பின்ன?"

"திருகாணியெல்லாம்?"

ஒரு வாளியைக் காட்டினார். எல்லாம் ஒன்றாகக் கிடந்தன.

"ஐயோ, எது எதோடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"திருகாணி திருகாணிதானே தம்பி!"

அப்போது கிளெண்டா வந்தாள். இளைத்திருந்தாள். யாரோ கொடுத்த பெரிய சட்டை. கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகம் சிவந்துவிட்டது.

"யாரு தொடச் சொன்னா? போட்டது போட்டதுதான். ரஸ், நீ வீட்டுக்குப் போ."

"கிளெண்டா, பாதியாவது பிழைக்கும்..."

"எனக்கு வேண்டாம்டா! இதுங்களப் பாக்கவே பிடிக்கல." கொடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "அன்னிக்கு இவரு கூப்பிட்டப்பவே எனக்குக் கேட்டுச்சு. இன்னும் ஒரு பெட்டிய ஏத்திட்டுப் போவோம்னு ஏத்துனேன். அப்புறம் இன்னொண்ணு. வெளிய வந்து பாக்கறேன், தண்ணி இவரு நெஞ்சுக்கு வந்துடுச்சு. ஒரு அடி கூடியிருந்தா? ஒரு பொட்டிக்காக மனுஷன விட்டிருப்பேன்."

நெவில் கொடியிலிருந்து நழுவிய ஒரு பலகையைத் திரும்ப மாட்டினார்.

"ஏம்மா, உன்னக் கூப்பிட்டுட்டு நான் அங்கயே நின்னேன்னு நெனச்சியா? மறுபடி உள்ள போனேன். பந்துருட்டற போட்டில ஜெயிச்ச கோப்பை. தகரக் கோப்பை. அலமாரி மேலேருந்து எடுக்கறதுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. அத நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நடுத்தண்ணில நிக்கறேன், அப்பத்தான் நீ வெளிய வந்த. உன் கம்பியப் பிடிக்க அதக் கீழ போட வேண்டியிருந்தது. அதுக்கும் ஒரு நிமிஷம் யோசிச்சேன்."

"நெசமாவா?"

"என் பொண்டாட்டி மேல சத்தியமா. அவ இருந்திருந்தா என்னச் செருப்பாலயே அடிச்சிருப்பா."

கிளெண்டா ஒரு பால்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு கை திருகாணியை அள்ளி உள்ளங்கையில் பரப்பினாள்.

"இது மைக்ரோபீயோடது. இது அடாரி. இது..." நிமிர்ந்து பார்த்தாள். "யோவ், இது உன் புல்வெட்டற மெஷினோடதுய்யா. அதையும் பிரிச்சியா?"

"அதுவும் நனைஞ்சிருந்துச்சு."

சாயங்காலம் வரை நாங்கள் மூவரும் அங்கேயே இருந்தோம். எடுத்துப் போகலாம் என்றவள் ஒன்று மட்டும் சொன்னாள்: "எது எழுந்திரிக்குதோ அது போதும். எழுந்திரிக்காததக் கஷ்டப்படுத்தாதீங்க."

தூவூம்பாவில் எங்கள் சங்கத்தார் பலகைகளை ஆல்கஹாலில் கழுவி மறுபடி உலர்த்தினார்கள். கசிந்த பேட்டரிகளையும் துருப்பிடித்த மின்தேக்கிகளையும் வெட்டியெடுத்துப் புதிது வைத்தோம். பெரும்பாலானவை எழுந்திருக்கவில்லை. சேறு புகுந்த திரைகளைத் தொடவே இல்லை. ஆனால் ஒரு மைக்ரோபீ கணினி பச்சை எழுத்தில் கண்விழித்தது. அதற்கு முன்பே, மரப்பலகை போன்ற முகப்புள்ள அடாரி விளையாட்டுப் பெட்டி கோணல்மாணலாக ஒரு படத்தைக் காட்டி, சற்று நடுங்கி, நேராக நின்றது. கிளெண்டாவுக்குத் தொலைபேசியிலேயே அதன் பீரங்கி விளையாட்டின் சத்தத்தைக் கேட்க வைத்தேன். "இன்னொரு தடவ சுடு" என்றாள்.

வீடு இழந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே தற்காலிகப் பெட்டி வீடுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கிளெண்டாவுக்கும் நெவிலுக்கும் அடுத்தடுத்துக் கிடைத்தது. நடுவில் இருந்தது ஒரு மெல்லிய சுவர். அடாரியை எடுத்துக்கொண்டு போனேன். அதைத் தன் அறையில் வைக்காமல், எல்லோரும் துணி துவைக்க வரும் கூடத்தில் இருந்த டிவியில் மாட்டினாள் கிளெண்டா. துணி சுற்றுகிற நேரத்தில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் பீரங்கிச் சண்டையில் இறங்கினார்கள். அடுத்த முறை போனபோது ஒருத்தி வெள்ளத்தில் நனைந்த தையல் இயந்திரத்தோடு கிளெண்டாவின் வாசலில் நின்றாள். இன்னொருவர் கையில் வானொலி. "நான் டாக்டரா என்ன?" என்று முணுமுணுத்துக்கொண்டே கிளெண்டா திருப்புளியைத் தேடினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மழை சத்தம் கேட்டால் இன்னமும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். பழைய வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

போன வாரம் அவள் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மெதுவாகக் கேட்டாள்: "காஸினோ ஊர்ல ஒருத்தர்கிட்ட சேகா விளையாட்டுப் பெட்டி ஒண்ணு சும்மா கெடக்குதாமே? உனக்குத் தெரியுமா ரஸ்?"

"தெரியும். எங்க வெப்ப? கட்டிலுக்கே இடமில்ல."

"கட்டிலுக்கு அடில இடமிருக்குடா."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நெவிலின் குரல் வந்தது. "ரஸ், வேண்டாம்னு சொல்லு! மறுபடி ஆரம்பிச்சிடுவா!"

"ஒட்டுக் கேக்காதய்யா!" என்று கத்தினாள் கிளெண்டா.

நெவில் சுவரை இரண்டு தட்டு தட்டினார்.

"தம்பி, அதுல ரெண்டு பேரு சேந்து ஆடலாமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."