ரிப்பன் கட்டிய பால்பல்

கண்ணாடிக் கடையில் சிட்டுவின் அம்மாவோடு வேலை பார்க்கும் பெண் மதியச் சாப்பாட்டின்போது போனை நீட்டினாள். "அக்கா, இதைப் பாருங்களேன். அருவருப்பாவும் இருக்கு, கொஞ்சணும் போலவும் இருக்கு."

படத்தில் ஒரு பல். நிஜமான மனிதப் பல். அதற்குக் கண்ணும் சிரிப்பும் வரைந்து, கழுத்தில், பல்லுக்கு ஏது கழுத்து, ரோஜா நிற ரிப்பன் கட்டியிருந்தார்கள். இதற்கென்றே இணையத்தில் ஒரு கூட்டம் இருக்கிறதாம். பல் கம்மல், பல் மோதிரம், பல் பதித்த சீப்பு.

சிட்டுவின் அம்மா சிரித்துக்கொண்டே படங்களைத் தள்ளிக்கொண்டு போனாள். ஒன்றில் விரல் நின்றது. சின்ன முன்பல், ஓரத்தில் நொய்யரிசி அளவு உடைந்திருந்தது. சிட்டு தண்ணீர்க்குழாயில் இடித்துக்கொண்ட பல் அது. விழுந்த அன்று, "நான் பத்திரமா வைக்கிறேன் அண்ணி" என்று நாத்தனார்தான் வாங்கிப் போனாள்.

கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: "அடுத்தது எப்போ?"

பதில் இருந்தது: "ஒண்ணு ஆடுற மாதிரி இருக்கு. சீக்கிரமே!"

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

வேலை தேடி வந்த நாத்தனார் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். சிட்டுவைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும் அவளே. நேற்றுவரை உதவியாகத் தெரிந்ததெல்லாம் இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. அந்த அறைக்கதவு ஏன் எப்போதும் சாத்தியிருக்கிறது? குழந்தையின் வாயை ஏன் வெளிச்சத்தில் திறந்து திறந்து பார்க்கிறாள்? பால்பல் இவ்வளவு வேகமாகவா விழும்?

கணவனிடம் சொன்னாள்.

"என் தங்கச்சி பல்லுத் திருடியா?" அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "உனக்குச் சந்தேகம் வந்துட்டா போதும், என்னையும் சேர்த்துப் பிடிச்சுக் குடுத்துடுவே."

மறுநாள் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கடையிலிருந்து முன்னதாகவே கிளம்பினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். நாத்தனார் அறை திறந்து கிடந்தது. மேசையில் வண்ணக் குப்பிகள், மெல்லிய தூரிகை, பஞ்சின்மேல் பற்கள். பக்கத்தில் ஒரு சின்னக் குறடு. அப்போது குளியலறையிலிருந்து சிட்டு முனகினாள்.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளே சிட்டு மட்டும்தான் நின்றாள். பல்லில் நூல் சுற்றியிருந்தது. மறுமுனை குழாய்த் திருகில். உதட்டில் ரத்தம்.

சத்தம் கேட்டு நாத்தனார் சமையலறையிலிருந்து பதறி ஓடி வந்தாள்.

"என் பொண்ணை என்னடி பண்ணச் சொன்னே? அந்தக் குறடு எதுக்கு?"

"ஐயோ அண்ணி, அது கம்மலுக்குக் கம்பி வளைக்க! சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலை."

"அத்தை சொல்லலைம்மா," சிட்டு விசும்பினாள். "நானேதான். எல்லாரும் அடுத்தது எப்போ எப்போன்னு கேக்கிறாங்க. இது ஆடவே மாட்டேங்குது."

"அவங்க கேக்கிறது இவளுக்கு எப்படித் தெரியும்?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் படிச்சுக் காட்டுவேன். சந்தோஷப்படுவாளேன்னு..."

பல் டாக்டர் சிட்டுவின் வாயைத் திறந்து பார்த்தார். "பல்லு கெட்டியா இருக்கு. ஈறுதான் கிழிஞ்சிருக்கு, ஆறிடும். இனிமே நூல் கட்டுற விளையாட்டு வேண்டாம், என்ன?"

வெளியே நாற்காலியில் உட்கார்ந்து நாத்தனார் ஒவ்வொரு படமாக அழித்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என் மேல சந்தேகம்னா முதல்லயே கேட்டிருக்கலாமே அண்ணி."

"கேட்டிருக்கணும்தான். அவ பல்லை ஊருக்குக் காட்டுறதுக்கு முன்னாடி நீயும் என்கிட்ட கேட்டிருக்கணும்."

நாத்தனார் மீதிப் படங்களையும் அழித்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து பள்ளி விடும் நேரத்துக்கு சிட்டுவின் அம்மாவே போனாள். நாத்தனார் ஏனென்று கேட்கவில்லை. கடை நேரம் மாறிவிட்டது என்று இவளும் பொய் சொல்லவில்லை.