இன்சூரன்ஸ் பணத்தில் ஒரு பூஜை

அமிர்தவல்லி ஆஸ்பத்திரி வாசலிலேயே கேட்டாள். "காருக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல? நான் குடுத்த காசைக் கட்டினீங்கல்ல?"

அவள் புருஷன் பலராமன் காக்கிச் சட்டையின் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றான். அன்று காலை மூலக்குளம் திருப்பத்தில் அவனுடைய அம்பாசடர் டாக்ஸி ஒரு சைக்கிளை இடித்துவிட்டது. சைக்கிளில் வந்த கொளஞ்சி வில்லியனூர்ப் பக்கம் கூலிக்கு ஏர் ஓட்டுகிறவன். வலது தொடை எலும்பு முறிந்து உள்ளே கிடந்தான். இனி எப்போது ஏர் பிடிப்பான் என்று டாக்டரும் சொல்லவில்லை.

"கட்டலாம்னுதான் இருந்தேன். தீபாவளி கழிச்சு."

"அந்தக் காசு எங்க?"

"ஸ்டாண்டு பூஜைக்குப் போயிடுச்சு."

முத்தியால்பேட்டை டாக்ஸி ஸ்டாண்டில் ஆண்டுக்கொருவர் ஆயுதபூஜையை முறை எடுத்துச் செய்வார்கள். எண்பத்திரண்டாம் வருஷம் பலராமன் முறை. பந்தல், ரேடியோ செட், பதினோரு காருக்கும் சாமந்தி மாலை, தெருவுக்கே சுண்டல். முறையைத் தட்டிக் கழித்தவன் ஸ்டாண்டில் தலை நிமிர முடியாது. அமிர்தவல்லி இட்லி விற்றுச் சேர்த்துக் கொடுத்த இன்சூரன்ஸ் பணம் அதில் கரைந்தது. பழைய இன்சூரன்ஸ் முடிந்த நாலாம் நாள் பூஜை.

"சாமிக்குத்தான செஞ்சேன். அது பாத்துக்கும்னு நெனச்சேன்" என்றான்.

"சாமிக்கு ஒரு கட்டி கற்பூரம் போதும். மாலையும் செட்டும் உங்க பேருக்கு. ஊரு பூரா உங்களப் பத்திப் பேசணும். இப்ப பேசும், போங்க."

அப்போது ஸ்டாண்டுச் செயலாளர் வடிவேல் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பதறாத தங்கச்சி. தெரிஞ்ச ஏஜண்டு ஒருத்தன் இருக்கான், போன மாசத் தேதி போட்டு எழுதிக் குடுப்பான். இல்லன்னா சைக்கிள்காரன் போதையில வந்தான்னு சொல்லிப்புடலாம். கூலிக்காரன், அவன் பேச்சு எடுபடுமா?"

பலராமன் நம்பிக்கையோடு மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் அவளை எரித்தது.

"அண்ணே, பூஜையன்னிக்கு எத்தினி தொன்னை சுண்டல் சாப்ட்டீங்க?"

"ரெண்டு. ஏன்?"

"அந்தாளு காலத்தான் ரெண்டு தொன்னை தின்னிருக்கீங்க. பேசாம வீட்டுக்குப் போங்க."

அவள் நேரே வார்டுக்குள் போனாள். கொளஞ்சியின் மனைவி வீராயி கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இடிச்சது எங்க காரு. இன்சூரன்ஸ் கட்டல. கம்பெனி குடுக்கும்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. எங்க மேல கேஸ் போடுங்க. காரு இருக்கு, மூலக்குளத்துல ஒரு மனை இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

வீராயி நிமிர்ந்தாள். "மனைய வச்சி நான் என்னாடி பண்ண? அந்தாளு காலக் குடு."

மறுநாள் அமிர்தவல்லி தூக்குவாளியில் கஞ்சி கொண்டு போனாள். வீராயி அவள் கண்ணெதிரே அதைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அடுத்த நாளும் கவிழ்த்தாள். மூன்றாம் நாள் கொளஞ்சியே, "கொட்டாத, பசிக்குது" என்றான். வீராயி அவனுக்குப் புகட்டினாள். வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

"கஞ்சி வேற, கேஸு வேற."

"வேறதான் அக்கா."

போலீஸ் பிடித்து வைத்திருந்த டாக்ஸியை விட்ட மறுநாளே அதை விற்றார்கள். வாங்கியவன் ஓட்டிப் போகும்போது காய்ந்த சாமந்தி மாலை முன்பக்கத்தில் அப்படியே தொங்கியது. பணம் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போனது. மனை கோர்ட்டுத் தீர்ப்புக்குக் காத்திருந்தது. அடுத்தவன் காரில் கூலிக்கு ஓட்ட வேலை கேட்டு அலைந்தான் பலராமன்.

அமிர்தவல்லிக்குக் கோபம் ஆறவில்லை. கோபத்தோடும் கஞ்சி காய்ச்சலாம் என்று கடவுள் வைத்திருக்கிறார். ஒரு நாள் வாளியை மூடிப் புருஷன் கையில் திணித்தாள்.

"இன்னிக்கு நீங்க கொண்டு போங்க."

"என்னப் பாத்தா அந்தம்மா கொட்டிடும்."

"கொட்டட்டும். நாளைக்கும் நீங்கதான் கொண்டு போறீங்க."

சூடு கையைச் சுட, துண்டை மடித்துப் பிடித்துக்கொண்டு பலராமன் நடந்தான்.